மூக்கால் ஓட்டும் படகு

எங்கள் ஆற்றங்கரை மாவட்டத்தைப் பார்க்க நகரத்திலிருந்து வருகிறவர்கள் கேமராவும் கையுமாக வருகிறார்கள். பாவம், பனிக்காலத்தில் காலை எட்டு மணிவரை இங்கே பார்க்க ஒன்றுமே கிடையாது. கரை, மரம், தண்ணீர் எல்லாம் ஒரே வெள்ளை. இருபது வருஷமாக நகரத்துக்கு முதல் படகை ஓட்டுகிற நான் கண்ணை நம்புவதில்லை. மூக்கைத்தான் நம்புகிறேன்.

கிளம்பியதும் செங்கல் சூளைப் புகை வரும். அது தேய்ந்து புதினாத் தோட்டம் வரும். நகரத்து ஜனங்கள் மெல்லுகிற புதினாவெல்லாம் எங்கள் வண்டலில் விளைந்ததுதான். அப்புறம் நெடுநேரம் வெறும் ஈரமண். பிறகு, பால் டிப்போவின் புளித்த வாடை. அது வந்ததும் இடப்பக்கம் திருப்ப வேண்டும். நேரே போனால் மணல்திட்டில் ஏறி, மதியம் தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அன்று பார்த்து எனக்குச் சளி. என் மகள் நகரத்து நர்சிங் கல்லூரியில் சேரும் நாளும் அன்றுதான். பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

"மூக்கில்லாம எப்படி ஓட்டுவீங்க?" என்றாள் மனைவி.

"இவளுக்கு அச்சு அசல் என் மூக்குதானே, முன்னால உக்காந்து சொல்லட்டும்."

மகளை அனுப்ப எனக்கு மனசே இல்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் விழுந்து விழுந்து படித்து வாங்கிய இடம். வாயை மூடிக்கொண்டேன்.

பின்னால் காய்கறி மூட்டைகளில் சாய்ந்து படகே தூங்கியது. மகள் தகரப் பெட்டிமேல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சூளைப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "புதினா."

தூக்கத்தில் பேசுகிறவள் குரல்போல இருந்தது. அப்புறம் பேச்சில்லை. இஞ்சின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. படகு நகர்கிறதா, வெள்ளைதான் எங்களைக் கடந்து போகிறதா என்றே தெரியவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

திடீரென்று அடுக்கடுக்காக நாலு தும்மல். அடைப்பு விட்டது. குப்பென்று ஏறியது புளித்த பால்.

திரும்பிப் பார்த்தேன். மகள் எதிரே வெறித்துக்கொண்டிருந்தாள். உதடு இறுக மூடியிருந்தது.

என் கை ஒரு நொடி அசையவில்லை. நேரே விட்டால் போதும். சளி பிடித்தவனை யார் குறை சொல்வார்கள்? சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டில் இருப்போம்.

சுக்கானை இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன். அடிப்பலகை மணலை உரசிவிட்டு வழுக்கி வெளியேறியது.

"ஏம்மா சொல்லலை? உனக்கும் மூக்கடைப்பா?"

"சொன்னா திருப்பிடுவீங்களேப்பா."

சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவள் முதுகைத் தட்டினேன்.

"திருப்பிட்டேன்மா" என்றேன்.