டேங்க் காலியாக இருந்த செவ்வாய்க்கிழமை

எனக்கு வைஃபையைப் பற்றி என்ன தெரியும்? பதினோரு வருடமாக வேம்புலி ரெசிடென்சியில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சாவி கொடுப்பேன், ஆதார் நகல் வாங்குவேன், குடித்துவிட்டு வந்து கத்துகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புவேன். அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள அம்பத்தூர் ஓ.டி. வட்டாரத்தில் ஆள் கிடையாது. ரூட்டரைப் பற்றிக் கேட்டால், பச்சை விளக்கு எரிந்தால் நல்லது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவள் தலையில்தான் பதினெட்டு அறைக்கும் வைஃபை போடுகிற வேலை வந்து விழுந்தது.

ஓனர் ஜம்புலிங்கம் மே மாதம் முதல் வாரத்தில் வந்தார். வந்ததும் காபி கேட்பவர் அன்றைக்குக் கேட்கவில்லை. "யுவராணி, லாட்ஜ மூடிடலாம்னு கீறேன். குடோனுக்கு ஒரு பார்ட்டி கேக்குறான். மாசம் பொறந்தா வாடகை வந்துரும், எனக்கும் தலவலி இல்ல" என்றார்.

அவருக்குத் தலைவலி போகும். எனக்கு வீடே போகும். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் நானும் பிளஸ் டூ படிக்கிற என் மகளும் இருக்கிறோம். புருஷன் விட்டுவிட்டுப் போன வருடம், கைப்பையும் ஒரு குழந்தையுமாக நின்ற என்னை இங்கே கூட்டிவந்து சேர்த்துவிட்டவள் முனியம்மா. அறை பெருக்கி, படுக்கை விரித்து, இந்தக் கட்டடத்தை இத்தனை வருடம் நாறாமல் வைத்திருப்பவளும் அவள்தான். அயனம்பாக்கத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவாள். அறுபதை நெருங்கிவிட்டாள். இந்த வேலை போனால் அவளை எவன் வேலைக்கு வைப்பான்?

நான் மன்றாடினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனி, ட்ரெய்னிங்குக்கு வருகிற பிள்ளைகளைத் தங்கவைக்க இடம் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு எல்லா அறையையும் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கம்பெனி அட்மின் பெண் கனிமொழியிடம் பேசினேன். அவள் கேட்டது இரண்டே விஷயம்: இடம் சுத்தமாக இருக்க வேண்டும், எந்த அறையில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டாலும் அறுபடக் கூடாது.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன் மேடம். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. அன்னிக்கு சாயங்காலம் நான் தங்கற இடத்தோட லிஸ்ட் குடுத்தே ஆகணும்" என்றாள்.

ஜம்புலிங்கமும் அந்த வெள்ளிக்கிழமையையே பிடித்துக்கொண்டார். "கையெழுத்து வந்தா லாட்ஜ். வரலன்னா சாயங்காலம் குடோன்காரன் வர்றான்" என்று சொல்லி, முப்பதாயிரம் ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுக்குள்ள வைஃபை வேலய முடி."

கிண்டியிலிருந்து வந்து பார்த்த வைஃபை கம்பெனிக்காரன் ஒன்றரை லட்சம் கேட்டான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டு, எங்களுக்கு சிசிடிவி கேமரா மாட்டித் தந்த மோகனைக் கூப்பிட்டேன். ஐயப்பன்தாங்கல் பையன், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மாடிக்கு ரெண்டு வைஃபை பெட்டி போடணும்க்கா" என்றான்.

"மாடிக்கு ஒண்ணு."

"ஒன்பது ரூமுக்கு ஒண்ணா?"

"உன் காச போட்டு ரெண்டாவது வாங்கு. நான் வேணாங்கல."

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே ஒரு பெட்டியை வாங்கி வந்து, நீள ஒயரில் மாட்டி, ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தோம். அவன் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் போனை எடுத்துக்கொண்டு, ஆளில்லாமல் கிடந்த அறைகளில் ஒவ்வொன்றாகப் போய் சிக்னல் எத்தனை கோடு என்று நோட்டில் எழுதினேன். முட்டி தேய்ந்துவிட்டது. மதியத்துக்குள் இடம் கிடைத்தது. ஒவ்வொரு மாடியிலும் நடைவழி நடுவில் ஒரு பரண் உண்டு. மொட்டை மாடித் தளத்தில் விரிசல் கண்டதிலிருந்து தண்ணீர் டேங்க் எல்லாம் அந்தப் பரணில்தான், மாடிக்கு இரண்டு கருப்பு டேங்க், ஒவ்வொன்றும் எழுநூற்றைம்பது லிட்டர். டேங்குக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்தது. அங்கே பெட்டியை வைத்தால் சுவரை ஓட்டை போடத் தேவையில்லை, ஒயரும் மிச்சம். இரண்டு மாடியிலும் மாற்றி மாற்றிப் பெட்டியை வைத்துப் பார்த்தோம். பதினெட்டு அறையிலும் மூன்று கோடு.

"பாத்தியாடா? மாடிக்கு ஒண்ணு" என்றேன். எனக்கு அப்படி ஒரு கர்வம். இரண்டு மாடிக்கும் பெட்டி மாட்டி முடித்தபோது கையில் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சமிருந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தபோது முனியம்மா வாசலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தண்ணி ஃபுல்லு கண்ணு. நாலு டேங்கும் ரொப்பிட்டேன். அஞ்சு மணிக்கே லாரிய புட்சிகினு வந்துட்டேன்."

திங்கட்கிழமையிலிருந்து டேங்க் காலி. போர்வெல்லில் வருவது துருத் தண்ணீர், கழிவறைக்குத்தான் ஆகும். குழாய்த் தண்ணீருக்கு லாரிதான் கதி. மே மாதத்தில் லாரிக்காரனைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பது மாதிரி. முனியம்மா நாலு நாளாக அவன் வீட்டு வாசலில் போய் நின்று, வருகிறவர்கள் முன்னால் தண்ணீர் இல்லையென்று நிற்கக் கூடாதே என்று கெஞ்சி, அன்றைக்கு விடியலில் வரவழைத்திருக்கிறாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒன்பது மணிக்குக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாமென்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். 101 சரி. 104 சரி. பரணைத் தாண்டி 106க்குப் போனதும் ஒரே கோடு. அதுவும் வருவதும் போவதுமாக இருந்தது. 107இல் என் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் முகம் பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அங்கேயும் பரணைத் தாண்டி நாலு அறையும் செத்துக்கிடந்தன.

மோகனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்தான். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. பத்து மணிக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். பெட்டியை அணைத்துப் போட்டான். சேனலை மாற்றினான். ஆன்டெனாவைத் திருப்பினான். லேப்டாப்பில் எதையோ தட்டினான். 107 அப்படியே கிடந்தது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் வேல செஞ்சுதேடா. இன்னாடா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. ராவுல இன்னா மாறுச்சு சொல்லு."

"ஒண்ணும் மாறல."

ஏணியில் நின்றிருந்தவன் முகத்தைத் துடைக்க ஒரு கையால் டேங்கைப் பிடித்தான். அப்புறம் அதை விரலால் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, செவ்வாக்கெழம டேங்க் காலியாதான இருந்துச்சு?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் இன்னாடா?"

"தண்ணி சிக்னல முழுங்கிரும்க்கா. காலி டேங்குன்னா சும்மா பிளாஸ்டிக்கு, உள்ள பூந்து போய்டும். இப்போ பெட்டிக்கும் அந்தாண்ட ரூமுங்களுக்கும் நடுவுல ஆயிரத்தைந்நூறு லிட்டர் தண்ணி நிக்கிது. நான் அத யோசிக்கவே இல்ல." அவன் குரல் இறங்கிவிட்டது.

நானும்தான் யோசிக்கவில்லை. தண்ணீர் இல்லாத கட்டடத்தில் அளவெடுத்துவிட்டு, தண்ணீர் இருக்கிற கட்டடத்துக்கு வைஃபை போட்டிருக்கிறேன். பெட்டியை அந்தப் பக்கச் சுவருக்கு மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். ட்ரில் போட்டு, ஒயர் இழுத்து, இரண்டு மாடிக்கும் அரை நாள் என்றான். மணி பத்து இருபது.

கனிமொழிக்குப் போன் போட்டுச் சாயங்காலம் வரச் சொல்லலாமா? ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டவள். வைஃபை வேலை செய்யவில்லை என்று நானே வாயால் சொன்னால், அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவாள். என் மகளுடைய பரீட்சை, பெட்டி படுக்கை, ஆவடியில் ஆறாயிரத்துக்கு இருட்டு அறை, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. அல்லது மனதில் தோன்றிய ஒரே வழியைத் தவிர வேறெதற்கும் வேலை செய்யவில்லை.

"டேங்க தொறந்து உடு" என்றேன்.

முனியம்மா கையிலிருந்த துடைப்பம் நின்றது. "இன்னா சொல்ற?"

"நாலு டேங்கும் காலி பண்ணணும். எல்லா ரூம்லயும் கொழாய தொறந்து உடு. சீக்கிரம்."

"யுவா, நாலு நாளு நாயா அலஞ்சிகீறேன். அவன் ஊட்டு வாசல்ல நின்னுகினு அவன் பொண்டாட்டிகிட்ட பேச்சு வாங்கிகீறேன். மனுசங்க குடத்த வச்சிகினு ரோட்டுல நிக்கறாங்க. நீ சாக்கடைல உடுன்றியே."

"லாட்ஜே போய்டும்க்கா. உன் வேலயும் போய்டும். புரியுதா உனக்கு?" என்று கத்தினேன். அவளிடம் அப்படி நான் கத்தியதே இல்லை.

அவள் அறை அறையாகப் போய்க் குழாயைத் திறந்தாள். மோகன் டேங்கின் அடி வால்வைத் திறந்தான். பதினெட்டுக் குளியலறையிலும் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் கட்டடமே இரைந்தது. மனசு கேட்காமல் முனியம்மா ஒவ்வொரு குளியலறையிலும் பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்து வைத்தாள், மொள்ளுகிற கப்பைக்கூட விடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் போவதைப் பார்க்காதது போல நான் போனில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டானது. பத்து ஐம்பதுக்கு 107இல் மூன்று கோடு வந்துவிட்டது.

கனிமொழி பதினொன்று ஐந்துக்கு வந்தாள். சின்னப் பெண், முப்பது இருக்கும். கறாரான ஆள். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பதினெட்டு அறையிலும் உட்கார்ந்து ஆபீஸில் யாருடனோ வீடியோவில் பேசினாள். ஒரு அறையைக்கூட விடவில்லை. ஒரு இடத்திலும் அறுபடவில்லை. கடைசி அறை 209. "ரொம்ப நல்லா இருக்கு மேடம். பெரிய ஹோட்டல்லகூட இப்படி இல்ல" என்றாள்.

அப்புறம் கை கழுவப் போனாள்.

குழாயைத் திருகினாள். அது ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. ஷவரைத் திருகினாள். எதிர் அறைக்குப் போனாள், அதற்கு அடுத்ததற்கும். எங்கேயும் பக்கெட் நிறைய தண்ணீர், குழாயில் காற்று.

"தண்ணி இல்லையா மேடம்?"

உங்களை ஏமாற்றத்தான் கொட்டினோம் என்று எப்படிச் சொல்வது? மோகன் சுவரைப் பார்த்தான். வாசலில் துணியோடு நின்றிருந்த முனியம்மாதான் முன்னால் வந்தாள்.

"தப்பு எம்மேலதாம்மா. டேங்க கழுவலாம்னு வால்வ தொறந்து உட்டேன், மூட மறந்துட்டேன். காத்தால ரொப்பின தண்ணி அத்தினியும் பூட்சி. மேடத்துக்கு இது தெரியாது. வயசாய்டுச்சு இல்ல, ஞாபகம் நிக்கறதில்ல."

கனிமொழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாக நடைவழிக்கு அழைத்தாள். "மேடம், உங்க இடம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா போன வருஷம் இன்னொரு லாட்ஜ்ல இப்படித்தான். ஸ்டாஃப் அஜாக்கிரதை, தண்ணி இல்ல, பசங்க பாதி பேர் ட்ரெய்னிங்க விட்டுட்டே போய்ட்டாங்க. கெட்ட பேர் எனக்குத்தான் வந்துச்சு. இவங்கள மாத்திட்டு வேற ஆள் போடறோம்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்தீங்கன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். மாசாமாசம் நானே வந்து பாப்பேன்."

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. அவள் சொல்லி முடிக்குமுன்னே, "மாத்திடறேங்க" என்றேன். கீழே இறங்கிப் போய், நடுங்காத கையெழுத்தில் நானே எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். ஜம்புலிங்கத்துக்குப் போனில் சொன்னேன். "பேஷ், குடோன்காரன வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

முனியம்மா 209இல் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"கையெழுத்துப் போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"நடையில பேசினது கேட்டுச்சு கண்ணு."

"அது சும்மா லெட்டர்தான்க்கா. நீ பாட்டுக்கு வா. நான் பாத்துக்கறேன்."

"மாசாமாசம் அந்தப் பொண்ணு வரும்ல. எம்மூஞ்சி அதுக்கு நல்லா தெரியும். அப்புறம் இந்தக் கையெழுத்தும் பூடும்." துணியைப் பிழிந்து பக்கெட் விளிம்பில் போட்டாள். என் காலில் விழுந்து கேட்டிருந்தாலாவது, திட்டியிருந்தாலாவது, எனக்குத் தாங்கியிருக்கும். அவள் இடுப்பிலிருந்த சின்ன போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி எதையோ தேடினாள்.

"லாரிக்கார கோவிந்தராஜ் நம்பர எழுதிக்கோ. அவன் மொதல்ல வரமாட்டேன்னுதான் சொல்வான். அவன் பொண்டாட்டிகிட்ட பேசு, நல்லவ. மோகன் பெட்டிய மாத்தினப்புறம் தண்ணி சொல்லு."

நான் பேனாவை எடுத்து, அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.