ஊதாவில் வெள்ளைப் புள்ளி

1.

டொறீனின் கொட்டகை வாசலில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். டொறீன், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். பால்கார நோனா என்று நாங்கள் கூப்பிடும் சிங்களப் பெண், எரிந்த சுவரிலிருந்து பொறுக்கி அடுக்கிய செங்கல்லின் மேல். அழகையா ஆகிய நான், அங்கிருந்த ஒரே நாற்காலியில். மடியில் எழுதும் அட்டை. எழுதுகிறவருக்குத்தான் நாற்காலி என்பது டொறீன் போட்ட சட்டம். டொறீனின் கொழுந்தன் அந்தோனிமுத்து அங்கே இல்லை. யட்டவத்தையில் இருந்தார். நான் எழுதிக்கொண்டிருந்த கடிதம் அவருக்குத்தான்.

இந்தக் கதை அந்தக் கடிதத்திலிருந்து வந்தது. மாத்தளையில் பலருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். பிறர் வீட்டுச் செய்தியை வெளியே கொண்டுபோவதில்லை என்பது என் ஒழுங்கு. இந்த ஒன்றில் மட்டும் அதை மீறுகிறேன். ஏனென்றால் இத்தனை வருஷமாகியும் அன்றைய திடுக்கிடல்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். முடிவு வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2.

முதல் தொடக்கம்: "எண்பத்து மூன்று ஜூலையில் மாத்தளை எரிந்தபோது..." வேண்டாம். வாசகர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். நான் மண்ணைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: வீடு எரிந்த இடத்தில் பூச்செடி லேசில் வராது. சுவர்ச் சுண்ணாம்பு, உருகிய கண்ணாடி, ஓட்டுத் துண்டு, ஆணி எல்லாம் கலந்த மண் அது. மழை பெய்தால் மேலே பாளம் கட்டிவிடும். வெயில் வந்தால் வெடிக்கும். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்ட டொறீன், முதலில் ஜினியா விதைத்தாள். விரல் உயரம் வந்து மஞ்சளாகிப் படுத்துவிட்டது. செவ்வந்தி முளைக்கவேயில்லை.

"சாம்பல் போட்டா செடி நல்லா வரும்னு சொல்லுவாங்களே அண்ணே. இங்க சாம்பலுக்கா பஞ்சம்?" என்றாள். சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நோனா சிரித்தாள். மறுநாள் அலுவிகாரையிலிருந்து, தன் மாட்டுக் கொட்டில் பக்கத்து மண்ணை உரப்பையில் கட்டிக் கொண்டுவந்தாள். பால்மா டின்களில் ஓட்டை போட்டு, அந்த மண்ணை நிரப்பினார்கள்.

விதை கொடுத்தது அந்தோனிமுத்து. டொறீனின் கணவர் இஞ்ஞாசியின் தம்பி. யட்டவத்தைச் சந்தையில் வாங்கினேன் மதினி என்று பத்திரிகைத் துண்டில் மடித்துத் தந்தார்.

இஞ்ஞாசியைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போகிறேன். சொல்லிவிடுகிறேன். கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த மனிதர். கலவரத்தன்று டொறீன் பூப்பாத்திக்கு மாட்டெரு வாங்க நோனா வீட்டுக்குப் போயிருந்தாள். ஊர் எரிகிறது என்று தெரிந்ததும் நோனா அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள். மூன்று நாள் திறக்கவில்லை. வீட்டோடு இஞ்ஞாசியும் போய்விட்டார்.

அன்று அந்தப் பக்கமே வர முடியவில்லை என்று அந்தோனிமுத்து சொல்லியிருந்தார். அழுதுகொண்டு சொன்னார்.

3.

அந்தோனிமுத்துவை எப்படி எழுதுவது? முதல் வரைவில் அவருக்குக் கள்ளப் பார்வை கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவருடையது நல்ல பார்வை. மாதம் ஒருமுறை அரிசியும் கருவாடும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவார். கொட்டகைக்குத் தகரம் அடித்தவரும் அவர்தான். தனியாகக் கிடக்க வேண்டாம், என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைய கடிதம் அதற்குச் சம்மதம். "அன்புள்ள கொழுந்தனாருக்கு, நலம், நலமறிய ஆவல். வருகிற மாதம் முதல் உங்கள் வீட்டிலேயே..." வரை வந்திருந்தோம். அடுத்த சொல்லை யோசித்தபடி டொறீன் டின்களின் பக்கம் திரும்பினாள்.

முதல் மொட்டு விரிந்திருந்தது. காசித்தும்பை. கரும் ஊதா, இதழுக்கு இதழ் வெள்ளைப் புள்ளி.

"இது என்னோடது" என்றாள்.

[இங்கே ஒரு விளக்கம். புள்ளி இல்லாத செடிகளை விதை கட்டுமுன்பே பிடுங்கிப் பிடுங்கி, ஏழு வருஷத்தில் அவள் உண்டாக்கிய நிறம் அது. கேட்டால் சோறு தருவாள், சேலை தருவாள், அந்த விதையை மட்டும் தரமாட்டாள். ஊரில் அது ஒரு பகிடி.]

"பூ எல்லா எடத்திலயும் இருக்குந்தானே" என்றாள் நோனா.

"இல்ல நோனா. இது வெளிய போனதே இல்ல."

பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். ஊர் எரிவதற்கு முந்தின சனிக்கிழமைதான் கடைசி விதையை எடுத்தாளாம். அலுமாரியில் நகைப்பெட்டிக்குள் வைத்துத் தானே பூட்டினாளாம். சாவி இஞ்ஞாசியின் கழுத்துக் கயிற்றில்.

நோனா வாயைப் பொத்திக்கொண்டாள். என் பேனா நின்ற இடத்தில் மை பரவியது. அந்தச் சாவியை எடுக்க ஒருவர் இஞ்ஞாசியின் கழுத்தருகே குனிந்திருக்க வேண்டும். வீடு அப்போது எரியத் தொடங்கவில்லை. அல்லது தொடங்கியிருந்தது.

4.

வாசகரே, நான் செய்து பார்த்தவை:

அ) பழைய விதை ஒன்று தரையில் தப்பிக் கிடந்து முளைத்தது. ஆசையாக எழுதினேன். டின்னில் இருந்தது நோனாவின் மண். கிழித்தேன்.

ஆ) இஞ்ஞாசியே சாவியைக் கழற்றிக் கொடுத்தார்: "பெட்டிய எடுத்துக்கிட்டு நீ ஓடு, என்னயத் தூக்கிக்கிட்டு ஓட ஏலாது." தம்பி அழுதுகொண்டே ஓடினார்.

இ) இஞ்ஞாசி தூக்கச் சொன்னார். தம்பி

(இதற்கு மேல் கை போகவில்லை.)

டொறீன் பாதிக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். புதுத் தாள் எடுக்கச் சொன்னாள்.

"திட்டி எழுதாதீங்க அண்ணே. பூ பூத்திருச்சுன்னு எழுதுங்க. என்ன நெறம்னும் எழுதுங்க."

எழுதினேன். வேறு என்ன என்று கேட்டேன்.

நோனா டொறீனின் முழங்காலில் கை வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கடைசியா என்னா சொன்னாருன்னு கேளுங்க. அது மட்டும் போதும்" என்றாள் டொறீன்.

அந்தோனிமுத்து வீட்டுக்குப் போகிறாயா, இல்லையா, அதையும் எழுத வேண்டாமா என்று கேட்டேன். "அவரு மொதல்ல எழுதட்டும்" என்றாள்.

அந்தோனிமுத்துவின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் கையெழுத்தாகவே இருந்தன. நீங்கள் எழுதுங்கள். ஆனால் யட்டவத்தையில், அவர் வீட்டு மேசையில், அவராக உட்கார்ந்து எழுதுங்கள். என்னால் முடிந்தது அன்று நடந்ததைச் சொல்வது. டொறீன் உறையின் ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டி, பிரிந்துவிடுமோ என்று கட்டைவிரலால் மறுபடி மறுபடி அழுத்தினாள். நான் முத்திரை ஒட்டினேன். மூவரும் சந்தி வரை நடந்தோம். நோனாதான் அதைத் தபால் பெட்டிக்குள் போட்டாள்.