ஒரு பீஸ் பாக்கி

காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள், லேத்துக்காரர் வழக்கம்போல முதல் ஷிஃப்டுக்கு வேலைக்கு வந்தார். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டான். இறந்துபோனவரை உள்ளே விடலாமா என்று மேலிடத்தில் கேட்டபோது, கம்பெனியின் நிலையாணைகளை எடுத்துப் புரட்டினார்கள். குடித்துவிட்டு வரக்கூடாது, ஷூ இல்லாமல் வரக்கூடாது, அடையாள அட்டை இல்லாமல் வரக்கூடாது என்றெல்லாம் இருந்தது. செத்துவிட்டு வரக்கூடாது என்று எங்கும் இல்லை. அவர் ஷூ போட்டிருந்தார். சட்டைப்பையில் அட்டையும் தொங்கியது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அது பம்பு செய்கிற கம்பெனி. எந்த வாரம் எந்தப் பம்பு ஓட வேண்டும், அதற்கு எத்தனை வார்ப்பு, எத்தனை பேரிங், எத்தனை நட்டு போல்ட்டு வேண்டும், ஸ்டோரில் எவ்வளவு கிடக்கிறது, மீதியை எப்போது வரவழைப்பது என்று திட்டம் போட்டுத் தருகிறவர் அங்கே ஒருவர் இருந்தார். ‘அது பற்றாக்குறை, இது பற்றாக்குறை’ என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷாப்பைச் சுற்றிச் சுற்றி வந்ததால் பற்றாக்குறை என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆள் என்னவோ எதிலும் குறைவைக்காதவர்தான். லேத்துக்காரர் அவருடைய தங்கை புருஷன். நல்ல மாப்பிள்ளை கையிருப்பில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டுத் தங்கையைக் கட்டிக்கொடுத்தவரே அவர்தான். அந்த ஒரு திட்டம் மட்டும் போட்டபடியே நடந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். தங்கையும் அதே கம்பெனியில் பம்பு பூட்டுகிற மேசையில் வேலை பார்த்தாள். மேசையிலிருந்து நிமிர்ந்தால் லேத்தும் அதன் முன்னால் புருஷனின் முதுகும் தெரியும்.

அவர் திரும்பி வந்ததற்குக் காரணம் பற்றாக்குறையின் ஒரு தவறுதான். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அதை வார்ப்பாகக் கொண்டுவந்து லேத்தில் கடைவார்கள். வார்ப்பில் ஒன்றிரண்டு ஓட்டை விழுந்து வீணாகும் என்பதால், கழிவுக்கென்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது பற்றாக்குறையின் வழக்கம். ஸ்டோர் நிரம்பி வழிகிறது என்று மானேஜர் கத்திய மாதத்தில், கோபத்தில் ஒரு ஆர்டருக்கு மட்டும் எண்ணிக்கை பிசகாமல் கேட்டுவிட்டார். கடைசி வார்ப்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது உள்ளே காற்றுக்குமிழி ஓட்டை வாய் திறந்தது. மாற்று வார்ப்பு இல்லை. லேத்துக்காரருக்கு அரைகுறையாக வேலையை விட்டுப் பழக்கமே கிடையாது. “ஒரு பீஸ் பாக்கி மச்சான். அது வர்ற வரைக்கும் நான் இந்த மிஷினை விட்டு நகர்றதா இல்லை” என்று சிரித்தபடியே சொன்னார். சொன்ன அன்றே, சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லேத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன், எனவே வந்து நின்றார்; ராத்திரியிலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தினமும் காலையில் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “மச்சான், காஸ்டிங் வந்துடுச்சா?” பற்றாக்குறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் வரல மாப்பிள” என்பார். முதல் சில நாள் அது உண்மையாக இருந்தது. பிறகு வார்ப்பு வந்துவிட்டது. பற்றாக்குறை அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லேத்தை நோக்கிப் போனார். அது சாப்பாட்டு நேரம். சாவு விழுந்த நாளிலிருந்து ஒருவரிடமும் வாய் திறக்காத தங்கை, லேத்துக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆர்டர் நிறைந்துவிட்டால் அதற்காக மிஷினில் யாரும் நிற்கமாட்டார்கள் என்பது திட்டம் போடுகிறவருக்குத் தெரியாதா? வந்த வழியே திரும்பிப் போய் வார்ப்பைத் தன் மேசைக்கு அடியில் வைத்துச் சாக்கால் மூடினார். மறுநாள் காலையிலும் கேள்வி வந்தது. “வரல மாப்பிள” என்றார். அன்றைக்குத்தான் வார்ப்பு முதல்முதலாகச் சுட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு பொய்க்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. குளிர்காலத்தில் பற்றாக்குறைக்குக் கால் இதமாக இருந்தது. கோடையில் கொப்புளம் போட்டது. துருப்பிடிக்காமலிருக்க வாராவாரம் எண்ணெய் பூசினால் எண்ணெய் புகைந்தது. இருப்பு சரிபார்க்க வந்தவர்கள் ஸ்டோரில் ஒவ்வொரு வாஷரையும் எண்ணிவிட்டு, அவருடைய மேசைக்கடியில் குனிந்து பார்க்கவே இல்லை. மானேஜர்கள் மாறினார்கள். அந்த லேத்தில் வேறு ஆள் கை வைத்தால் அது சுற்றாது என்று தெரிந்ததும், புது மானேஜர்களும் அதைத் திட்டத்திலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார்கள். பம்பு கேட்டிருந்தவர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டுச் சலித்து ஓய்ந்தார்கள். லேத்துக்காரருக்குத் தலை நரைக்கவில்லை, அவர் மனைவிக்கு நரைத்தது. கம்பெனிப் பேச்சு மட்டும்தான் அவரால் பேச முடிந்தது. வீட்டு விஷயம் எதைச் சொன்னாலும் புன்னகையோடு கேட்டுக்கொண்டு லேத்தைப் பார்ப்பார். மகள் கல்யாணத்துக்கு அவரால் வரமுடியவில்லை; கல்யாணம் கம்பெனிக்கு வெளியே நடந்தது. தங்கை மறுநாள் லேத்துக்கு முன்னால் நின்று மணப்பெண்ணின் புடவை நிறத்திலிருந்து செருப்பு வரை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள்.

ஒருநாள் லீவு போடப்போவதைச் சொல்ல அண்ணன் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தவளின் காலில் சூடு பட்டது. குனிந்து சாக்கை விலக்கினாள். பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவில் எத்தனையோ பூட்டியவள்.

“எப்ப வந்துச்சுண்ணே?”

“அப்பவே வந்துடுச்சும்மா.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சாக்கை இழுத்து நன்றாக மூடிவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்றாள். பெற்ற தாயிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் என்று அண்ணனே பெருமையடித்த பெண், அன்றிலிருந்து அந்தப் பொய்யில் பாதியை வாங்கிக்கொண்டாள். காலையில் லேத்துக்காரர் வாய் திறப்பதற்குள் அவளே போய், “இன்னிக்கும் வரலையாம்” என்பாள். அவரும் தலையாட்டுவார். பாவம், அவர் நம்பினார். மனைவி சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

ஆனால் தெரிந்த பிறகு பார்ப்பது வேறாக இருந்தது. ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே முதுகை இப்போது கவலையாகப் பார்த்தாள். அவர் ஒருநாளும் உட்கார்ந்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை கையில் இல்லாத மனிதன் மிஷின் முன்னால் சும்மா நிற்பதுபோல் கொடுமை இல்லை. ஒரு காலைத் தூக்கி ஷூவின் நுனியை மற்றக் காலில் தேய்ப்பார், பிறகு கால் மாற்றுவார். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பார். வார்ப்பு லாரி வாசலில் ஒலியெழுப்பும்போதெல்லாம் முகம் மலர்ந்து திரும்புவார். அந்த முகத்தை அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு காலையில் அண்ணனிடம் வந்தாள். “குடுத்துடுண்ணே.”

“குடுத்தா போயிடுவாரும்மா.”

“தெரியும்” என்றாள். “நமக்காக நின்னுக்கிட்டே இருக்காருண்ணே. கால் வலிக்காதா அவருக்கு?” சொல்லும்போதே அழுதுவிட்டாள். பற்றாக்குறையும் அழுதார். இருவரும் அழுது முடித்தபின் சாக்கோடு வார்ப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“வந்துடுச்சு மாப்பிள” என்றார் பற்றாக்குறை. லேத்துக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். லேத்தின் பிடியில் ஏற்றியதும் வார்ப்பு ஆறிவிட்டது. லேத் சுற்றியது. பக்கத்து மிஷின்காரர்கள் தங்கள் மிஷின்களை நிறுத்திவிட்டு நின்றார்கள், யாரும் திட்டவில்லை. அவசரமில்லாமல் கடைந்தார், அளந்தார், விளிம்பைத் தடவிப் பிசிறு எடுத்தார், பஞ்சால் துடைத்தார். வழக்கமாக டிரேயில் போடுவதைத் தன் கையாலேயே கொண்டுபோய் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் பூட்டி முடிக்கிற வரை மேசையருகே நின்றார். சோதனைத் தொட்டியில் பம்பு ஓடி, தண்ணீர் குழாயில் ஏறிக் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மச்சானிடம் திரும்பி, “அடுத்த தடவை கழிவுக்கு ரெண்டு சேர்த்துப் போடுங்க மச்சான்” என்றார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுப் பேச்சு அவருக்கு வராதே. அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை எடுத்துவிட்டார். சங்கு ஊதியது. கூட்டத்தோடு கூட்டமாகக் கதவைத் தாண்டிப் போனார். மறுநாள் வரவில்லை. தங்கை வந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து அடுத்த பம்பைப் பூட்டினாள். அழுகை வந்தபோது அழுதாள். அந்த லேத் யார் தொட்டாலும் சுற்றத் தொடங்கியது.

சில வருஷம் கழித்துப் பெயிண்ட் அடிக்கிறவர் ஒருவர், அடுக்கியிருந்த பம்புகளில் பாதிக்கு அடித்தும் பாதிக்கு அடிக்காமலும் இருக்கும்போது காலமானார். காரியங்கள் முடிந்த மறுநாள் முதல் ஷிஃப்டுக்கு வந்து நின்றார். வாட்ச்மேன் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்தான். பற்றாக்குறை போய், “எத்தனை பாக்கி?” என்று விசாரித்து, எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு, பெயிண்டுக்கு உடனே ஆள் அனுப்பினார். பெயிண்ட் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். தங்கை தன் மேசையடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டாள்.

“உட்காருங்கண்ணே” என்றாள். “வந்துக்கிட்டிருக்கு.”

அவர் உட்கார்ந்தார்.