முளைக்காத பாலிகை

கூடையைத் தூக்கிப் பார்த்த கனகாம்பாள் சட்டென்று மறுபடியும் மூடினாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத் திரும்பினால், முதுகுக்குப் பின்னாலேயே சம்பந்தியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா, மூடிட்டே? தொறம்மா, நானும் பாக்கறேன்."

"இருட்டா இருக்குதுங்க. வெளக்கு எடுத்தாரேன்."

"பட்டப்பகல்ல இன்னா வெளக்கு?"

சம்பந்தியம்மாள் தானே குனிந்து மூங்கில் கூடையை எடுத்தாள். உள்ளே ஐந்து மண்கிண்ணங்கள். ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து பாலும் தண்ணீரும் தெளித்து, நவதானியம் விதைத்த பாலிகை அது. இந்நேரம் விரல் நீளத்துக்கு முளை எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஐந்து கிண்ணத்திலும் ஈரமான கரிய மண் மட்டுமே இருந்தது. ஒரு கிண்ணத்தில் மேலாகத் தெரிந்த பயறு ஒன்றின்மேல் பூசணம் பூத்திருந்தது.

பாலிகை எப்படி வளர்கிறதோ அப்படித்தான் பெண்ணின் வாழ்வும் வளரும். மடுகரையில் இதை நம்பாத வீடு கிடையாது. கல்யாணத்துக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

கனகாம்பாளின் மகள், கல்யாணப்பெண் தையலம்மாள் நெற்குதிரோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது. ஒரு விதைகூட முளைக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை, நல்லவேளையாக, இரண்டு அம்மாக்களும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே இங்கிலீஷ்காரன் ஆட்சி. பதினாலு வயது ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் வழக்கு என்று அங்கே சட்டம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஊர்; அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆகவே சின்னப் பெண்ணாகப் பார்த்துக் கட்ட விரும்பியவர்கள் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, மேளம் கொட்டித் தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மடுகரையில் பந்தல் மூங்கில் விற்றவனுக்கு அந்த வருஷங்களில் நல்ல வியாபாரம்.

தையலம்மாளின் அப்பா சிவப்பிரகாசம் கெட்டவர் அல்ல. நெல்லும் கரும்பும் பயிரிடும் குடித்தனக்காரர். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே அவர்தான். ஆனால் நிலபுலம் உள்ள இடமாக ஒரு சம்பந்தம் தானே வீடு தேடி வந்தபோது, வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் பெண் பிரெஞ்சுச் சர்க்கார் நடத்தும் செர்த்திபிகா பரீட்சை எழுதிவிடுவாள் என்று பள்ளிக்கூட வாத்தியார் வண்டிப்பாதையில் சைக்கிளை நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். "நீங்க சொல்றது ஞாயந்தான் சாமி" என்று இவரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அடுத்த வாரமே பரிசம் வாங்கினார். தடுக்கச் சட்டம் இல்லாத ஊரில் வாத்தியார் யாரிடம் போய் முறையிடுவார்?

தையலுக்கு அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிது என்பது வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். சிவப்பிரகாசத்தின் தங்கை ஆதிலட்சுமி. ஒன்பது வயதில் தாலி கட்டிக்கொண்டு, பன்னிரண்டு வயதில் அதை இழந்தவள். கட்டினவன் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. பதினைந்து வருஷமாக அண்ணன் வீட்டுக் கொல்லைதான் அவள் உலகம்.

வாத்தியார் ஒருநாள் வகுப்பில் ஈரப்பஞ்சின்மேல் அவரை விதை ஒன்றை வைத்து முளைக்கக் காட்டினார். மற்றப் பிள்ளைகள் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். தையல் மறக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்து மண் நிரப்பினாள். கேட்டபோதெல்லாம் அத்தை மடியிலிருந்து பயறும் கொள்ளும் எடுத்துக் கொடுத்தாள்.

பானைக்குள் மூடி வைத்த பயறு வெளுத்துப்போய் நெடுநெடுவென்று வளர்ந்தது. சுவரோரம் வைத்தது வெயில் வரும் பக்கமாகச் சாய்ந்தது. கொட்டாங்கச்சியைத் திருப்பி வைத்தால், செடியும் மெல்லத் திரும்பிச் சாய்ந்தது. விதையைத் தலைகீழாகப் புதைத்தாலும் வேர் கீழேதான் போயிற்று. ஒவ்வொன்றையும் ஓடிவந்து அத்தையிடம் சொல்லுவாள்.

"அத்த, அதுக்குக் கண்ணு இல்லியே. எது கீழ, எது மேலன்னு எப்டித் தெரியுது?"

"என்னக் கேட்டா? உங்க வாத்தியாரக் கேளு. அவருக்கும் தெரியலன்னா வந்து சொல்லு, சிரிக்கலாம்."

அவள் கண்டுபிடித்தவற்றில் பெரியது களத்தில் கிடைத்தது. மழை பெய்தபின், களத்தில் சிந்திய விதைநெல் பச்சையாக முளைத்திருந்தது. பக்கத்திலேயே சிந்தியிருந்த புழுக்கிய நெல் முளைக்காமல் அழுகிக் கிடந்தது. இரண்டும் ஒரே வயல் நெல். தையல் இரண்டு கொட்டாங்கச்சி எடுத்தாள். ஒன்றில் பச்சைத்தண்ணீரில் ஊறிய பயறு, இன்னொன்றில் கொதிக்கும் தண்ணீரில் ஊறிய பயறு. முதலாவது முளைத்தது. இரண்டாவது எத்தனை நாள் தண்ணீர் தெளித்தும் முளைக்கவில்லை.

"வெந்துபோனது எப்டிடி முளைக்கும்?" என்று அத்தை சிரித்தாள்.

"ஆனா பாத்தா தெரியல அத்த. ரெண்டும் ஒரே மாரிதான் இருக்குது."

பாலிகைக்கு விதைத்த அன்று காலையில், நவதானியம் பித்தளைக் கிண்ணத்தில் கொல்லைப்புறம் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு நாலடி தள்ளி, கல்யாணச் சோற்றுக்கான நெல் பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் முன்வாசலில் கோலத்தில் இருந்தார்கள். தையல் கிண்ணத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள். ஆறியதும் இன்னொரு செம்பு. அப்புறம் கிணற்றுத் தண்ணீரை மாற்றி, கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

விதை முளைக்காது. முளைக்காவிட்டால் அபசகுனம். அபசகுனம் என்றால் கல்யாணம் நின்றுவிடும். நின்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். இதுதான் அவள் போட்ட கணக்கு. முதல் பாதி அவள் எதிர்பார்த்தபடியே நடந்தது. முளைக்காத விதைக்கு யார் தலையிலாவது பழி விழும் என்பது கொட்டாங்கச்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் அல்ல.

"வூட்டுல இன்னா தீட்டு?" சம்பந்தியம்மாள் கேட்டாள்.

"ஐயோ, அப்டி ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாமியா ஒண்ணுகூட முளைக்கல?" அவள் பார்வை கொல்லைக் கதவின் பக்கம் போயிற்று. அங்கே ஆதிலட்சுமி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வெத ஊற வெக்கத் தண்ணி மொண்டது யாரு? அதுவா?"

"அது இந்தப் பக்கமே வரலீங்க. நான்தான்..." கனகாம்பாள் தொடங்கினாள். முடிக்கவில்லை. தான்தான் என்று சொன்னால், கேள்வி தன்மேல் திரும்பும் என்று பாதியில் அவளுக்குத் தோன்றிவிட்டது. "தண்ணி எடுத்துக் குடுத்துதோ இன்னாவோ. எனக்கு நெனப்பு இல்ல."

குரல் கேட்டுச் சிவப்பிரகாசமும் மாப்பிள்ளையின் தகப்பன் சுப்புராயனும் முன்வாசலிலிருந்து உள்ளே வந்தார்கள். கிண்ணங்களைப் பார்த்தார்கள். தையல் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"நைனா, அத்த இல்ல. நான்..."

மகள் முகத்தில் என்ன கண்டாரோ, சிவப்பிரகாசம் அவளைத் தரதரவென்று குதிருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாடி?"

"நான்தான் நைனா. அண்டாத் தண்ணிய ஊத்தி ஊற வெச்சேன். அத்த ஒண்ணும் பண்ணல. முளைக்கலன்னா கண்ணாலம் நின்னுடும்னு நெனச்சேன்."

"சத்தம் போடாத."

அவர் திரும்பிப் போய், ஒரு கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு பயறை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். தோல் தனியாக, மாவு தனியாகப் பிதுங்கி வந்தது. விதையைக் கையால் தொட்டே அதன் உயிரைச் சொல்லக்கூடிய குடியானவர் அவர். வெந்த விதை இது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பெண் சொன்னது அத்தனையும் உண்மை.

கொல்லைக் கதவருகே ஆதிலட்சுமி கரிக்கையோடு நின்றிருந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"நசுக்கிப் பாத்தியாண்ணா?" என்றாள் தணிந்த குரலில். "வெந்திருக்குதா?"

சிவப்பிரகாசம் விரலை வேட்டியில் துடைத்தார்.

"வருசா வருசம் இந்த வூட்டு வெதநெல்ல முளைகட்டுறது யாரு கைண்ணா? எந்த வருசம் பொய்ச்சிது?"

அவர் தங்கையையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. பெண்ணே பாலிகையை வேகவைத்தாள் என்று வெளியே தெரிந்தால் இந்தச் சம்பந்தம் மட்டும் போகாது. இனி எந்தச் சம்பந்தமும் வாசல் மிதிக்காது. தங்கைக்கோ இனிமேல் போவதற்கு ஒன்றுமில்லை. இதை அவர் இவ்வளவு தெளிவாக யோசித்தார் என்று சொல்ல முடியாது. கால்கள் தாமாகவே கூடத்துக்கு நடந்தன.

"தப்பு எங்க பேர்லதான் சம்மந்தி. எந்தங்கச்சி கை பட்டிருச்சி. தெரியாமத் தொட்டுட்டா."

"நான்தான் சொன்னனே" என்றாள் சம்பந்தியம்மாள்.

சுப்புராயன் தாடையைச் சொறிந்துகொண்டார். கல்யாணம் நிற்கப்போகிறது என்று தையல் காத்திருந்தாள். அவர் நிதானமாகப் பேசினார்.

"ஆனது ஆயிப்போச்சி. இத்த விட்டா ஆவணிலதான் முகூர்த்தம். அதுக்குள்ள இந்தப் பக்கமும் சட்டம் வந்துட்டா எங்க போறது? மேலத்தெருவுல நேத்து ஒரு கண்ணாலம் முடிஞ்சிதே, அவங்க வூட்டுப் பாலிகை இன்னும் தண்ணில விட்டிருக்க மாட்டாங்க. ஆள அனுப்பி வாங்கியாந்து வெச்சிடுங்க. ஆனா அந்தம்மா கண்ணாலம் முடியறவரைக்கும் வூட்டுல இருக்கக் கூடாது."

அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் மேலத்தெருப் பாலிகை வந்துவிட்டது. பச்சைப்பசேல் என்று, நுனி சாய்ந்து, பார்க்க அழகாக இருந்தது. அது எந்தப் பெண்ணின் வாழ்வுக்காக வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆதிலட்சுமி மாற்றுச்சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கரும்புக்கொல்லைக் கொட்டகைக்குப் புறப்பட்டாள். தையல் பின்னாலேயே மாட்டுக்கொட்டகை வரை ஓடினாள்.

"அத்த, உம்மேல போடுவாங்கன்னு நான் நெனைக்கல அத்த."

"தெரியும்டி."

"நைனாகிட்ட நெசத்தச் சொல்லிட்டேன். அவரு நம்பல."

ஆதிலட்சுமி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நம்பாம இல்லடி" என்றாள். அதற்குமேல் அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "போ. மஞ்சத் தண்ணி ஊத்தக் கூப்புடுவாங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. வாத்தியார் வந்தார், பந்தலின் கடைசியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இலை போடுவதற்குமுன் எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே எல்லை தாண்டித் திரும்பினார்கள். பெண் பெரியவளாகும்வரை தாய்வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் தாலி ஏறின கழுத்தோடு பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று சம்பந்தியம்மாள் வண்டியில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணத்துக்காகக் கொல்லையைப் பெருக்கியபோது கொட்டாங்கச்சிகள் எல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன. தையல் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்தும் ஆதிலட்சுமி வீடு திரும்பவில்லை. கனகாம்பாள் ஆள்மேல் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். "கரும்ப நரி கடிக்குது, பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது.

ஆடி பிறந்தது. நாற்றங்காலுக்கு உழவு ஓட்டியாயிற்று. விதைநெல்லை முளைகட்ட வேண்டும். ஊறவைக்கும் பதம், சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூடும் பதம், உள்ளே கைவிட்டுச் சூடு பார்க்கும் பதம் எல்லாம் அந்த வீட்டில் ஆதிலட்சுமியின் கைக்குத்தான் தெரியும். சிவப்பிரகாசம் தாமே கொட்டகைக்குப் போனார்.

"வெதநெல்லு ஊற வெக்கணும். வா."

ஆதிலட்சுமி வாசலில் உட்கார்ந்து கரும்புச் சோகை கிழித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நான் எப்டிண்ணா வருவேன்?"

"இன்னா எப்டி? நடந்துதான்."

"என் கை பட்டா முளைக்காதுன்னு நாலு பேருக்கு முன்னாடி சொன்னியே."

அவர் தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"ஒனக்குத் தெரிஞ்சிதான சொன்ன? நீ சொன்னத நான் போயிப் பொய்யாக்கலாமா? வருசத்துச் சோறுண்ணா அது. வேற நல்ல கையாப் பாத்து வெச்சிக்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவர் அதட்டியிருப்பார். வரப்போடு திரும்பி நடந்தார்.

அன்று சாயங்காலம், கனகாம்பாள் கொல்லையில் பெரிய அண்டாவைக் கழுவி வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து நிரப்பினாள். சிவப்பிரகாசம் விதைநெல் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். தையல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். புது மஞ்சள்கயிறு கழுத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

சிவப்பிரகாசம் மூட்டையின் வாயை அவிழ்த்தார். நெல்லைக் கவிழ்க்கப் போனவர் நிறுத்தினார். ஒருதரம் மகள் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, அண்டாத் தண்ணீரில் விரலை விட்டு, சூடாக இருக்கிறதா என்று பார்த்தார்.