மிஸ்டர் ஹார்லனின் தட்டு

…தரை பாழாகிவிடுமாம், அதனால் ஷூவின் மேல் இந்தத் துணி உறையை மாட்டிக்கொள்ள வேண்டுமாம், மாட்டு, வெர்னீஸ், அறுபத்தெட்டு வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து மாட்டு, உன் அம்மா எர்லீன் முப்பத்தோரு வருஷம் முட்டி போட்டுத் துடைத்த தரை இது, நீ மிதித்தால் பாழாகிவிடும்… அந்த எலுமிச்சை மெழுகு வாசனை மட்டும் போகவே இல்லை, சாயங்காலம் அம்மா வீடு திரும்பும்போது கையில் இதே வாசனை, எத்தனை சோப்புப் போட்டாலும் விடாது, அந்தக் கையால்தான் சோளரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாள், ரொட்டியிலும் மெழுகு மணக்கும். முன்வாசல் வழியாக இந்த வீட்டுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. காரிலிருந்து இறங்கியதும் கால் தானாகக் கறுப்பர்கள் நுழைகிற பின்கட்டுப் பக்கம் திரும்பியது, தங்கை ரூபீன்தான் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், "எங்கக்கா போறே? நம்மள விருந்தாளியா கூப்பிட்டிருக்காங்க, முன்னாடி வா." விருந்தாளியாம்! ரூபீன் ஈஸ்டர் ஆராதனைக்குப் போகிற மாதிரி தொப்பியும் கையுறையுமாக வந்திருக்கிறாள், மிசிசிப்பி ஜூலை வெயிலில் கையுறை, யாருக்காக இந்த வேஷம்? முன்வராந்தாத் தூண்களுக்கெல்லாம் புது வெள்ளைப் பூச்சு, வாசலில் பித்தளைத் தகடு, நாவலாசிரியர் ஹார்லன் பெட்டிக்ரூ வாழ்ந்த இல்லம், நாட்டின் பெருமை, கார்வெல் ஊரின் பெருமை, துப்பலாம் போலிருந்தது, வாய் உலர்ந்து கிடந்ததால் துப்பவும் முடியவில்லை.

சுற்றிக் காட்டுகிறவள் மிஸ் டாட்டி, எழுபது இருக்கும், முத்துத் தோடு, கலையாத வெள்ளை முடி, பேச்சில் பாகு சொட்டுகிறது, எல்லோரும் அவளுக்குச் செல்லம்தான், ஒஹையோவிலிருந்து வந்த அந்த வெள்ளைக்காரத் தம்பதி செல்லம், வெர்னீஸ் செல்லம், ரூபீன் செல்லம். "இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? நம்ம எர்லீனோட பொண்ணுங்க! நாவல்ல வர்ற டில்லி அத்தை, அது எர்லீன்தான்." ஒஹையோக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், அடடா, அந்தச் சிரிக்கிற டில்லி அத்தையா என்றாள். எர்லீன். வெறும் எர்லீன். திருமதி டப்ஸ் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஆறு வயது வெள்ளைப் பிள்ளைக்கும் பேருக்கு முன்னால் மிஸ்டர் போட்டவள் அம்மா. கூடத்தில் மாட்டியிருக்கிற நாய்க்குக்கூடப் பட்டம் உண்டு, கர்னல், எண்ணெய் ஓவியத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது, தோட்டத்தில் அதற்குக் கல்லறை வேறு, பீங்கான் கிண்ணத்தில் சாப்பிட்ட நாய், அந்தக் கிண்ணத்தைக் கழுவியவள் அம்மா. வெர்னீஸ் போனை எடுத்துப் பார்த்தாள், டெல்மி இன்னும் எதுவும் எழுதவில்லை, வீட்டில் கணவர் ஓட்டிஸ் பத்து மணி மருந்தை முழுங்கினாரோ துப்பினாரோ, பக்கவாதம் விழுந்ததிலிருந்து கட்டிய மனைவி ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிற மனுஷன் டெல்மி ஊட்டினால் குழந்தை மாதிரி திறக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிற ஹோண்டுராஸ் பெண், தங்கமான பெண், இரண்டு வருஷத்தில் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான்… "போனை உள்ள வைக்கா, மரியாதையா இருக்காது," ரூபீன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மரியாதை! சரி, வைத்தாயிற்று.

சமையலறை. இங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அடுப்பு, அடுப்பின்மேல் பிளாஸ்டிக் கோழி வறுவல், பிளாஸ்டிக் பட்டாணி, கடவுளே, பிளாஸ்டிக் பிஸ்கட்டு, அம்மாவின் மெத்தென்ற பிஸ்கட்டு ரொட்டிக்குப் பிளாஸ்டிக்கில் சமாதி. ஆணியில் ஒரு ஏப்ரன், துவைத்து இஸ்திரி போட்டது, அம்மாவுடையது என்கிறாள் டாட்டி, பொய், அம்மாவின் ஏப்ரனில் இடது பக்கம் தீய்ந்த ஓட்டை இருக்கும். சனிக்கிழமைகளில் பின்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக் கொடுப்பாள் வெர்னீஸ், ஏழு வயது, அன்றைக்கும் இதே வெயில், தாகம், அம்மா துணி உலர்த்தப் போயிருந்தாள், அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் பளபளவென்று வரிசையாக நின்றன, ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், அவ்வளவுதான். அறைந்தது யார்? வீட்டுக்கார வெள்ளைக்காரி இல்லை, அம்மா. காது ஙொய் என்றது. பிறகு அம்மா அந்தத் தம்ளரின்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள், ஒரு தடவை, இரண்டு, மூன்று, அவள் விரலிலேயே கொட்டியது, வலைக்கதவுக்கு அப்பால் சிகரெட்டோடு மிஸ்டர் ஹார்லன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துவிட்டுப் போய் எழுதினார்! பன்னிரண்டாவது அத்தியாயம், சின்னப் பெண் தெரியாமல் தம்ளரை எடுத்துவிடுகிறாள், டில்லி அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்து அவளை மார்போடு அணைத்துக்கொள்கிறாள், உலகமே கண்ணீர் விட்ட அத்தியாயம். அதைவிட அசிங்கம் என்ன தெரியுமா, பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் அந்த அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியது இதே வெர்னீஸ்தான், பாடத்திட்டம், வேறு வழியில்லை, வேறு வழியில்லையா? ஏற்ற இறக்கத்தோடு வேறு வாசித்தாளே. அதோ வாசலருகே விற்பனைக்கு வைத்திருக்கிற கைத்துண்டுகளில்கூட டில்லி அத்தை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள், முன்பல் இரண்டு கிடையாது.

"இந்தச் சுவர்லதான் அம்மாவோட போட்டோ வரப்போகுது," டாட்டி காலியான இடத்தைத் தடவிக் காட்டினாள், "பெரிசா, சட்டம் போட்டு, எர்லீனின் சமையலறைன்னு பேரு வெச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், செல்லம்." ரூபீன் போட்டுவிட்டாள், போன வாரமே, ஓடிப்போய்ப் போட்டுவிட்டாள், மூத்தவள் கையெழுத்துத்தான் பாக்கி, அதற்குத்தான் இந்த உபசாரமெல்லாம். சம்மதப் படிவத்தை வெர்னீஸ் வீட்டில் நாலு தடவை வாசித்தாயிற்று. எர்லீன் இந்த இல்லத்தில் அன்போடு நடத்தப்பட்டார், எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாகவே வாழ்ந்தார்… குடும்பத்தில் ஒருத்தி, எந்த மேஜையில்? எந்த நாற்காலியில்? அந்த வார்த்தை மேல்வாயில் கொழுப்பாக ஒட்டிக்கொண்டது. ஆனால் ரூபீன் சொல்வதும் காதில் விழுகிறது, நேற்று ராத்திரி போனில் அழுதாள், "அம்மா பேரு இந்த ஊர்ல எங்கேயுமே இல்லக்கா. கல்லறைக் கல்லு கூட சாஞ்சு போச்சு. இங்கயாவது இருக்கட்டுமே." இருக்கட்டும்தான். யார் வேண்டாம் என்றது? போட்டால் பொய்யின் கீழே அம்மாவின் பெயர், போடாவிட்டால் அம்மாவுக்கு எங்கேயும் பெயரே இல்லை, இதற்கு நடுவில் நான் என்ன செய்யட்டும் அம்மா?

எழுத்தறைக்குள் நுழைந்ததும் டாட்டி குரலைத் தாழ்த்தினாள், சர்ச்சுக்குள் போகிற மாதிரி. தட்டச்சு இயந்திரம், மூக்குக் கண்ணாடி, பாதி குடித்த சுருட்டு, அந்த எச்சில் சுருட்டைக்கூட விடாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அப்புறம் தனியாக ஒரு பேழை, அதற்கென்று ஒரு விளக்கு, கண்ணாடிப் பலகையின்மேல் ஒரு தகரத் தட்டு, பக்கத்தில் ஜாம் பாட்டில். "இதைப் பார்த்தா எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும்," என்றாள் டாட்டி. "இவ்வளவு பெரிய மனுஷன், வீடு நிறையப் பீங்கான், வெள்ளி. ஆனா இந்தத் தகரத் தட்டுலதான் சாப்பிடுவாராம், இந்த ஜாம் பாட்டில்லதான் தண்ணி குடிப்பாராம். வீட்டைச் சுத்தம் பண்ணப்போ சிங்க்குக்குக் கீழ இருந்து எடுத்தாங்க. எவ்வளவு எளிமை பாருங்க!" ஒஹையோக்காரர் தொப்பியைக் கழற்றினார், அவர் மனைவி படம் எடுத்தாள், ஒன்று, இன்னொன்று கிட்டத்தில். வெர்னீஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடிவயிற்றிலிருந்து கேவல் மாதிரி ஒரு சிரிப்பு. ஓரம் நசுங்கின தட்டு, எனாமல் பெயர்ந்த இடம் ஆமை வடிவில் இருக்கும், அதோ இருக்கிறது ஆமை, சனிக்கிழமைகளில் அம்மாவோடு வெர்னீஸும் விரலால் தடவித் தடவிச் சாப்பிட்ட ஆமை. சிங்க்குக்குக் கீழே சோப்புப் பெட்டிக்கும் எலிப்பொறிக்கும் நடுவே இருந்த தட்டு. வீட்டுத் தட்டுகளோடு ஒட்டக்கூடாது, ஒன்றாகக் கழுவக்கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் பின்படியில் உட்கார்ந்து அதில்தான் அம்மா சாப்பிடுவாள். அதன் முன்னால் தொப்பியைக் கழற்றுகிறார்கள்!

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் கீழே உட்கார்ந்தாள், முட்டி இரண்டிலும் நெட்டி முறிந்தது, துணி உறை வழுக்கியது, பேழையின் அடியில் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். "அக்கா, எந்திரி, மானம் போகுது," ரூபீனின் கையுறை தோளைப் பிறாண்டியது, "என்னக்கா இது, எல்லாரும் பாக்கறாங்க." கண்ணாடி வழியே தட்டின் அடிப்பாகம் தெரிந்தது, நடுவில் ஆணியால் கீறிய சிலுவை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அம்மா கீறியது. பெரிய விருந்து நாட்களில் அக்கம்பக்கத்து நாலைந்து வீட்டுச் சமையல்காரிகளும் உதவிக்கு வருவார்கள், அவரவர் தட்டை அவரவர் எடுத்து வருவார்கள், மாறிப்போகாமலிருக்க ஆளுக்கொரு அடையாளம், ஒருத்திக்கு வட்டம், ஒருத்திக்கு மூன்று கோடு, அம்மாவுக்குச் சிலுவை… மூன்று கோடு யாருக்கு? ஹேட்டிக்கு. ஹேட்டி எந்த வீடு? வெர்னீஸ் தரையிலிருந்தே நிமிர்ந்து டாட்டியைப் பார்த்தாள். முத்துத் தோடு, அந்த நீலக் கண், அடுத்த தெருவில் மஞ்சள் வீட்டில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்த பெண். "மிஸ் டாட்டி, உங்க வீட்ல ஹேட்டி இருந்தாங்க இல்ல?" "இருந்தா செல்லம், எங்க ஹேட்டி! அவ எங்களுக்கு அம்மா மாதிரி—" "ஹேட்டியோட தட்டை எங்க வெச்சிருந்தீங்க?"

ஒஹையோக்காரி போனை இறக்கினாள். டாட்டியின் கழுத்தில் சிவப்பு ஏறியது, அவள் பேழையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், எத்தனை வருஷமாக இதைக் காட்டிக் காட்டித் தொண்டை அடைத்துக்கொண்டாளோ, இப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். வேஷம் போடுகிறாளா? வெர்னீஸ் வேஷத்துக்காகத்தான் காத்திருந்தாள், காறித் துப்பத் தயாராக. "சிங்க்குக்குக் கீழ," என்றாள் டாட்டி, பாகெல்லாம் வற்றிப்போன குரலில். "சோப்புப் பக்கத்துல." பிறகு, "நாங்க யாரும் அதை யோசிச்சதே இல்ல. அது அங்கதான் இருக்கும், அவ்வளவுதான். எங்கம்மா கெட்டவங்க இல்ல, மிஸஸ்…" வெர்னீஸின் குடும்பப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. யோசிச்சதே இல்லையாம். எவ்வளவு சுலபம்! அறுபது வருஷம் கண்ணெதிரே கிடந்ததை யோசிக்காமல் இருக்க எவ்வளவு கொழுப்பு வேண்டும், எவ்வளவு தடித்த தோல் வேண்டும்?

முன்வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாட்டி தானே உள்ளே போய் இனிப்புத் தேநீர் கொண்டுவந்தாள், ஐஸ் போட்டு, கண்ணாடித் தம்ளரில், அலமாரித் தம்ளரில். "பேழையில இருக்கிற விளக்கக் கார்டை மாத்தச் சொல்றேன்," என்றாள், "நிர்வாகக் குழுவுல எல்லாருக்கும் பிடிக்காது. ஆனா சொல்றேன்." படிவத்தையும் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். "பாத்தியா," ரூபீன் மூக்கை உறிஞ்சினாள், "ஒத்துக்கிட்டா இல்ல? இப்பவாவது போடேன்." போடலாம்… அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, குடும்பத்தில் ஒருத்தி என்பதை அடித்துவிட்டு, திருமதி எர்லீன் டப்ஸ், இது அவர் தட்டு, வீட்டுத் தட்டுகளோடு சேர்க்கக் கூடாத தட்டு என்று எழுதிக் கொடுத்தால் போடலாம். இன்றைக்கு ஜெயித்தது யார், அம்மா? நெஞ்சு நிமிர்ந்தது, பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு கிழித்து அடிக்கப் போனாள், கைப்பையில் போன் சிணுங்கியது. டெல்மி.

*மிஸ் வெர்னீஸ், சார் மருந்து குடிச்சிட்டார். நல்லாத் தூங்கறார். மன்னிச்சுக்கோங்க, சிங்க் கீழ இருக்கிற என் பச்சைக் கப் விரிஞ்சிடுச்சு, ஒழுகுது. நான் தண்ணி எதுல குடிக்கட்டும்?*

பச்சைக் கப். எந்தப் பச்சைக் கப்? ஓ, அது… அவள் வந்த முதல் நாள் கொடுத்தது, அவளுக்குச் சளித் தொல்லை வந்த சமயம், ஓட்டிஸுக்குத் தொற்றக்கூடாது என்று, இல்லை, சளி வந்தது அப்புறம்தானே, அதற்கு முன்னாலேயே கொடுத்தாயிற்று, உனக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கோம்மா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள், நல்லதுக்குத்தானே கொடுத்தாள், அடியில் மை பேனாவால் டெல்மி என்று பெயர் எழுதி. அலமாரியில் பதினாறு தம்ளர் இருக்கிறதே. யார் சொன்னார்கள் சிங்க்குக்குக் கீழே வைக்கச் சொல்லி? நான் சொல்லவில்லை. டெல்மிதான் வைத்தாளோ… அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, அங்கேதான் வைக்க வேண்டும் என்று? இரண்டு வருஷமாகப் பாத்திரம் கழுவும் சோப்பை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கப்பைத் தள்ளிவிட்டுத்தானே எடுத்தேன்? "யாருக்கா, டெல்மியா? ஏன் முகம் இப்படிப் போச்சு, அத்தான் நல்லாத்தானே இருக்கார்?" தேநீரில் ஐஸ் கரைந்து தம்ளருக்கு வெளியே நீர் கோத்தது. அம்மாவின் தட்டில் இருந்த அடையாளத்தையாவது அம்மா தன் கையால் கீறினாள். வெர்னீஸ் பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள், எதில் வேண்டுமானாலும் குடி என்று எழுதினாள், அழித்தாள், என்னுடையதில் குடி என்று எழுதினாள், அதைப் படிக்கும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை, கட்டை விரல் அப்படியே நின்றது, அங்கே டெல்மி இன்னும் தண்ணீர் குடிக்காமல் நின்றுகொண்டிருப்பாள்…