சன்னாசிக்கு ஐம்பது மெகாபைட்

1999ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலேசியாவில் லிங்கிக்குப் பக்கத்தில் இருந்த பத்துமைல் தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியது. ரப்பர் மரங்கள் நிற்கிற இடத்தில் கோல்ப் திடல் வரப்போகிறது என்றார்கள். இதுவரை பால்மரம் சீவியவர்கள் இனிமேல் பந்து பொறுக்கலாம் என்ற அளவில் அது முன்னேற்றம்தான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்கிறவர்களுக்கு மலிவு வீடு உண்டு, ஆனால் தோட்டத்தில் உழைத்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்பத்தோரு வருஷம் அதே ஆபீஸ் வாசலில் தினமும் பெயர் கூப்பிடும்போது கை தூக்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நோட்டீஸ்.

சன்னாசி அப்படிக் கை தூக்கியவர்களில் ஒருவர். வயது எழுபத்திரண்டு. மனைவி இறந்த பிறகு, தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த மகள் வள்ளிநாயகியோடு லயத்திலேயே இருந்தார். அவருடைய காகிதங்கள் மொத்தம் ஆறு: தோட்டத்து மேனேஜர் கொடுத்த வேலைக் கடிதம், கப்பலில் வந்திறங்கியபோது கொடுத்த காகிதம், கல்யாணப் பதிவு, மனைவியின் மரணப் பத்திரம், இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். ஆறும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கரையானும் வெள்ளமும் அதுவரை அவற்றைத் தொட்டதில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நீலாய் நகரத்திலிருந்து மகன் திருநாவுக்கரசு வந்தான். அவன் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். தொழிற்சாலை அவனை இரண்டு நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியிருந்தது. மூன்றாம் நாள் முதல் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"உலகம் எங்க போயிட்டிருக்கு, நீங்க இன்னும் டின்னுல போட்டு வச்சிருக்கீங்க," என்றான். "ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டுல வச்சிரலாம்பா. லயம் எரிஞ்சாலும் காகிதம் எரியாது."

"லயம் ஏன் எரியணும்?" என்று கேட்டார் சன்னாசி.

வள்ளிநாயகிக்கு வேறு பயம். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பிறப்புப் பத்திரத்தைப் போட்டோகாப்பி எடுக்கிறேன் என்று வாங்கிப் போனவன் இதே அண்ணன்தான். அதைச் சிரம்பானில் ஒரு காப்பிக் கடை மேசையில் விட்டுவிட்டு வந்தான். மறுபத்திரம் வாங்க அவள் எட்டு மாதம் நடந்தாள். அண்ணன் இன்றுவரை அந்தக் கடையின் காப்பி நன்றாக இருக்கும் என்றுதான் சொல்கிறான்.

"டின்ன நானே தூக்கிட்டு வர்றேன்," என்றாள்.

பெடாஸில் நீலாவதி என்பவள் நடத்திய வீடியோ கேசட் கடை அந்த வருஷம்தான் சைபர் கபேயாக மாறியிருந்தது. சுவரில் பழைய சினிமாப் போஸ்டர்கள் அப்படியே இருந்தன. கேசட் இருந்த இடத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்கேனர், ஒரே ஒரு டெலிபோன் லைன். அங்கே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் திருநாவுக்கரசு ஆராய்ச்சி செய்தான். இலவசமாக இடம் தருகிற கம்பெனிகள் மூன்று கிடைத்தன. ஒன்று இருபது மெகாபைட் கொடுத்தது, அதன் அடையாளம் பூட்டு. இன்னொன்று இருபத்தைந்து கொடுத்தது, அதற்கு இரும்புப் பெட்டகம். மூன்றாவது ஐம்பது கொடுத்தது. அதன் அடையாளம், வாயில் கடிதத்தைக் கவ்விக்கொண்டு சிரிக்கும் நாய்.

மூன்றையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி, மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்து, கடைசியில் நாயைத் தேர்ந்தெடுத்தான்.

"இவங்க எந்த ஊருல இருக்காங்கண்ணே?" என்று கேட்டாள் வள்ளிநாயகி.

"கலிபோர்னியா லா."

"தொலஞ்சு போச்சுன்னா யாருகிட்ட கேக்கிறது?"

"ஈமெயில் போடலாம்."

"பதில் வரலன்னா?"

"இன்னொரு ஈமெயில் போடலாம்."

"ஆறு காகிதத்துக்கு எதுக்கு அம்பது?"

"பின்னாடி தேவைப்படும்."

"அப்பா இன்னும் எத்தன தடவ கல்யாணம் பண்ணப் போறாரு?"

நீலாவதி சிரிப்பை மறைக்க ஸ்கேனரின் மூடியைத் துடைத்தாள்.

படிவம் பூர்த்தி செய்ய ஒரு மணி நேரம் ஆனது. தொழில் என்ற இடத்தில் மருத்துவர், வழக்கறிஞர், நிர்வாகி, ஆலோசகர் என்று இருந்தது. மரம் சீவுகிறவருக்கு இடமில்லை. திருநாவுக்கரசு யோசித்து ஆலோசகர் என்று போட்டான். பொழுதுபோக்கு கட்டாயம் ஒன்றாவது சொல்ல வேண்டும்: பனிச்சறுக்கு, படகு, திராட்சை மது, கோல்ப். "கோல்ப்பே போட்டுருவோம். எப்படியும் வரத்தான் போகுது," என்றான். இவ்வாறாகச் சன்னாசி, கோல்ப் விளையாடும் ஆலோசகராகக் கலிபோர்னியாவில் பதிவானார்.

பிறகு கடவுச்சொல். எட்டு எழுத்து வேண்டும். தனக்குத் தெரியாமல் அண்ணன் உள்ளே போகக்கூடாது என்றாள் வள்ளிநாயகி. தான் இல்லாமல் தங்கை எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவாள் என்றான் அவன். ஆளுக்கு நான்கு எழுத்து என்று முடிவாயிற்று. அவன் தட்டும்போது அவள் சுவரைப் பார்த்தாள். அவள் தட்டும்போது அவன் சுவரைப் பார்த்தான். உறுதி செய்ய மறுபடியும் கேட்டதால் மறுபடியும் சுவரைப் பார்த்தார்கள். இருவருக்கும் பொதுவான அப்பா வாசலில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் செய்யும்போது நீலாவதி சொன்னாள், "தரத்தக் கூட்டி வச்சா ஒரு பக்கம் ஏற அரை மணி நேரம் ஆகும். கம்மியா வச்சா சீக்கிரம் ஏறிடும், ஆனா எழுத்து சரியா தெரியாதுண்ணே."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தால் லைன் அறுந்துவிடும். ஐம்பது மெகாபைட்டை அலசி ஆராய்ந்து பிடித்தவன், "கம்மியாவே வைங்க, இடம் மிச்சமாகும்," என்றான்.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாவிடம், "இனி கவலையே இல்லப்பா. எல்லாம் அமெரிக்காவுல பத்திரமா இருக்கு," என்றான். போகிற போக்கில், எதற்கும் இருக்கட்டும், அந்த நாலு எழுத்தைச் சொல் என்று தங்கையைக் கேட்டான். அவள் உன் நாலை முதலில் சொல் என்றாள். அதன்பிறகு ஐந்து மாதம் இருவரும் பேசவில்லை.

ஆனால் சன்னாசி மகன் சொன்னதை அப்படியே நம்பினார். அதுவரை அந்த டின்னை அவர் கோயில் தலைவரிடம்கூடக் கொடுத்ததில்லை. ஆகஸ்டில் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ராமசாமி, "போட்டோகாப்பி மெஷின் கெட்டுப் போச்சு, அசல வச்சிட்டுப் போங்க, நாளைக்குத் தர்றேன்," என்றபோது, ஆறு காகிதத்தையும் உறையில் போட்டுத் தாராளமாக நீட்டிவிட்டார். "இருக்கட்டும் தம்பி. அமெரிக்காவுல இன்னொரு செட்டு இருக்கு."

நாளை வருவதற்குள் மெஷின் சரியாகவில்லை. அடுத்த வாரம் ஆபீஸே சிரம்பானுக்கு மாறியது. ராமசாமி வேலையை விட்டு ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நவம்பரில் வீட்டுப் பட்டியல் வந்தது. சன்னாசியின் பெயருக்கு எதிரே, அத்தாட்சி இல்லை என்று எழுதியிருந்தது. சிரம்பான் ஆபீஸில் கேட்டதற்கு, அப்படி எந்த உறையும் வரவில்லை என்றார்கள்.

வள்ளிநாயகி அண்ணனுக்குப் போன் செய்தாள். "உன் நாலு எழுத்த எடுத்துக்கிட்டு பெடாஸுக்கு வா," என்று மட்டும் சொன்னாள்.

மறுபடியும் இருவரும் மாறி மாறிச் சுவரைப் பார்த்தார்கள். கதவு திறந்தது. கம்பெனி ஓடிப்போயிருக்கும் என்று வள்ளிநாயகி நினைத்திருந்தாள். நாய் அதே சிரிப்போடு இருந்தது. ஆறு காகிதங்களும் ஒன்று குறையாமல் இருந்தன.

"பாத்தியா?" என்றான் திருநாவுக்கரசு.

நீலாவதி வேலைக் கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். தலைப்பு தெரிந்தது. அதற்குக் கீழே மழையில் நனைந்த எறும்பு வரிசைபோல ஏதோ ஓடியது. கையெழுத்தும் முத்திரையும் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பெயரே படிக்க முடியவில்லை. மற்ற ஐந்தும் அதற்குச் சளைத்தவை அல்ல. எவ்வளவு இடம் மிச்சம் என்று திரையின் மூலையில் காட்டியது: நாற்பத்தொன்பதரை.

திருநாவுக்கரசு அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தங்கை திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலை வள்ளிநாயகி சாப்பாடு கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிரம்பான் ஆபீஸுக்குப் போனாள். கவுண்டரில் அமிர்தலிங்கம் என்ற கிராணி இருந்தார்.

"அதான் இல்லன்னு சொல்லிட்டோமே மா."

"தோட்டத்துல இருந்து வந்த பெட்டியெல்லாம் பிரிச்சுப் பாத்தீங்களா சார்?"

"முப்பது பெட்டி இருக்கு. யாரு பிரிக்கிறது?"

"நான் உக்காந்திருக்கேன். உங்களுக்கு நேரம் கெடைக்கும்போது பிரிங்க."

மாலை ஐந்து மணி வரை அவருடைய நேர்ப் பார்வையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டாள். நெத்திலிச் சம்பல் வாசம் மேனேஜர் அறை வரை போனது. செவ்வாயும் வந்தாள். புதன்கிழமை அவள் போனபோது அந்தப் பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருநாவுக்கரசு. லீவு போட்டு வந்திருந்தான்.

"நீ ஏன் வந்தே?"

"சும்மாதான்," என்றான். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "நான்தானே அப்பாகிட்ட கவலையே இல்லன்னு சொன்னேன்," என்றான்.

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் பாதியைத் தள்ளினாள்.

ஒருத்தியைச் சமாளித்த அமிர்தலிங்கத்தால் இரண்டு பேரைச் சமாளிக்க முடியவில்லை. மூன்று மணிக்கு ஸ்டோர் அறையைத் திறந்துவிட்டு, "நீங்களே தேடிக்கங்க," என்றார். ஸ்டோர் என்றால் திருநாவுக்கரசுக்குக் கை வந்த வேலை. வாளியோ பெட்டியோ, அடுக்கவும் பிரிக்கவும் அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினான். பத்தொன்பதாவது பெட்டியில், தோட்டத்துக் கால்பந்துக் குழு வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் உறை இருந்தது. கம்பெனி கோப்பைகளை மறக்காமல் பத்திரமாகத் துணி சுற்றி வைத்திருந்தது.

மறுநாள் அப்பாவையும் கூட்டி வந்து அசலைக் காட்டி, பட்டியலில் பெயரை ஏற்றினார்கள். பெடாஸ் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. திரும்பும்போது மகனின் காரில் சன்னாசி உறையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டார். "இத்தன வருஷமா வச்சிருக்கேன், ஒருத்தரும் படிச்சுக் காட்டல."

திருநாவுக்கரசு ஸ்கேன் செய்தான், ஏற்றினான், அச்செடுத்தான். படிக்கத்தான் இல்லை. காரை ஓரமாக நிறுத்தி, வேலைக் கடிதத்தை எடுத்து, ஆங்கிலத்திலிருந்து மெதுவாகத் தமிழில் சொன்னான்.

"1947லேருந்து 1988 வரைக்கும் வேல செஞ்சாரு. நல்லா சீவுவாரு. அமைதியான ஆளு. நிர்வாகத்துக்கு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்ல."

சன்னாசி கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு தடவ ஸ்ட்ரைக் பண்ணோம். மேனேஜர் தொரையோட காடிய தோட்டத்து கேட்டுலயே மறிச்சவன் நான்தான். அதப் போடலயா?"

"இல்லப்பா."

"கிராணி எழுதியிருப்பான். பயந்தாங்கொள்ளி," என்றார் சன்னாசி. "சரி, அடுத்தத படி."