அடுத்த வளவுக்குச் சொல்லவில்லை

சுபாஸ்கரன் கேட்டிருந்தது, ஒரு சின்ன விறாந்தையின் மூலையில் நின்றே முழுச் சனத்தையும் படத்துக்குள் அடக்கக்கூடிய அகல லென்ஸ். பெட்டியைத் திறந்தபோது உள்ளே கிடந்தது ஒரு சாணுக்கு மேல் நீளமான தூர லென்ஸ். கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நின்றபடி, நடுவில் நிற்பவனின் மூக்கை மட்டும் எடுப்பவர்கள் வைத்திருப்பது அது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் பெயரும் விலாசமும் கேட்ட லென்ஸின் இலக்கமும் பிசகில்லாமல் இருந்தன. உள்ளே இருந்ததுதான் வேறு.

"தேங்காய் கேட்டா தென்னையை அனுப்பியிருக்கிறாங்கள்," என்றாள் அவனுடைய மனைவி வித்தியா. கொடிகாமம் சந்தைக்கு எதிரே அவர்கள் நடத்தும் ஸ்ரூடியோவில் அல்பம் அடுக்குவது அவள் வேலை.

பழைய அகல லென்ஸுக்குள் மாரி மழையோடு பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அதில் எடுத்தால் வெள்ளைச் சேலைகள் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தன. அதனால்தான் கொழும்பில் இருந்த ஒரு ஒன்லைன் கடையில் புதிதாகச் சொல்லியிருந்தான். உடனே அந்தக் கடைக்கு அழைத்தான். ஃபோனுக்குள் ஒரே பாட்டு திரும்பத் திரும்பப் போனது. கடைசியில் ஒரு பெண்பிள்ளை வந்து, பாவிக்காமல் பெட்டியோடு திருப்பி அனுப்பினால் மாற்றித் தருவோம் என்று பணிவாகச் சொன்னாள்.

அவன் பெட்டியை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, நான் வரணி கதிரவேலுவின்ரை மகள், மதுரா. அப்பா நேற்றுப் பின்னேரம் மோசம் போயிட்டார். இண்டைக்கு மத்தியானம் பிரேதம் எடுக்கினம். நான் கைப்பிள்ளைக்காரி, வரேலாது. நீங்கள் போய்ப் படம் எடுத்துத் தரவேணும்."

"ஓம் தங்கச்சி, போறன்."

"ஆர் ஆர் வந்தவை எண்டு முகம் தெரிய எடுங்கோ. அண்ணை... எங்கடை சித்தப்பா தியாகலிங்கம், அடுத்த வளவுதான். எல்லை வேலியாலை அப்பாவோடை கோவம். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை தொடங்கினது, இண்டைவரைக்கும் கதை பேச்சில்லை. அவர் வந்து அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டாரெண்டால், அந்த ஒரு படம் எனக்குக் காணும்."

சுபாஸ்கரன் ஒட்டிய பெட்டியை மறுபடி கிழித்தான். வித்தியா அவன் கையைப் பார்த்தாள்.

"பாவிச்சா மாத்தித் தரமாட்டாங்கள், தெரியும்தானே?"

"செத்தவீட்டைப் பிறகு எடுக்கலாம் எண்டு சொல்லேலுமே?"

அவள் மழைக்கு ஒரு பொலித்தீன் பையை எடுத்துக் கொடுத்தாள்.

செத்தவீட்டில் அந்த லென்ஸ் முதலில் அவனை அவமானப்படுத்தியது. விறாந்தையில் நின்று பார்த்தால் ஒரு தோடு தெரிந்தது, மாலையின் ஒரு முடிச்சுத் தெரிந்தது, அழுகிற ஒருத்தியின் அரைக் கன்னம் தெரிந்தது. அவன் முற்றத்துக்குப் பின்வாங்கினான். தூரம் போதவில்லை. படலைக்கு வெளியே போனான். அப்போதும் பந்தலின் பாதி வெளியே நின்றது. கடைசியில் ஒழுங்கையைக் கடந்து, எதிர் மதிலில் முதுகு முட்டிய பிறகுதான் படம் ஒரு வசத்துக்கு வந்தது.

பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சிவக்கொழுந்தர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பிரேதத்துக்குப் பயந்தோ றோட்டிலை நிக்கிறீர்?"

"லென்ஸ் பிழையா வந்திட்டுது, ஐயா."

"அப்ப நீர் அடுத்த ஊரிலை நிண்டு எடுக்கிறதுதான் நல்லது."

மதிலோடு நின்ற அந்த இடத்திலிருந்து இரண்டு வளவுகளின் படலைகளும் அருகருகே தெரிந்தன. ஒன்றில் வெள்ளைக்கொடியும் சனமும். மற்றதில் ஒருவருமில்லை. ஆனால் அந்தப் படலை அகலத் திறந்து கிடந்தது. சுபாஸ்கரன் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினான்.

விறாந்தையில் ஒரு கதிரையில் கிழவர் ஒருவர் இருந்தார். முழுகி, நெற்றி நிறைய நீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தோளில் மடித்த சால்வை. படியில் அவருடைய செருப்புகள் படலையைப் பார்த்தபடி கிடந்தன. செத்தவரின் தலைமாட்டில் வைத்திருந்த படத்தில் இருந்த அதே மூக்கு, அதே பெரிய காது. தம்பிக்காரர்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

ஒழுங்கையில் யாரோ சைக்கிளில் வந்தார்கள். கிழவர் எழுந்து நின்றார். சைக்கிள் செத்தவீட்டுக்குள் திரும்பியது. கிழவர் இருந்தார். பிறகு குடையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர் மறுபடி எழுந்து, சால்வையைச் சரிசெய்து, படலையைப் பார்த்தார். பெண்களும் அடுத்த படலைக்குள் போனார்கள். அவர் கதிரையின் கையைப் பிடித்து மெல்ல இருந்தார். சுபாஸ்கரன் தன்னை அறியாமலே படங்களைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"உவரைப் பாத்தீரே?" சிவக்கொழுந்தர் அருகில் வந்து சொன்னார். "கூடப்பிறந்த தமையன் செத்துக் கிடக்கு. பக்கத்து வளவிலை இருந்துகொண்டு எட்டியும் பாக்கேல்லை. அவ்வளவு நெஞ்சழுத்தம்."

இவ்வளவு தூரத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு மனிதன் அசையாமல் வீட்டில் இருக்கிறான். லென்ஸுக்குள் பார்த்தவனுக்கு அது அப்படித் தெரியவில்லை. அவன் உள்ளே போய்ச் செத்தவரின் மகன் கஜானனைத் தேடினான். கஜானன் ஈர வேட்டியோடு, விரலில் தர்ப்பை போட்டு, ஐயருக்கு முன்னால் இருந்தான்.

"அண்ணை, சித்தப்பாவுக்கு ஆர் போய்ச் சொன்னது?"

"சொல்லுறதோ? அடுத்த வீடு. நேற்றுப் பின்னேரம் அம்மா குழறினது கேக்காதே? பந்தல் போட்டது தெரியாதே?"

"ஆரும் போய்ச் சொல்லேல்லை?"

கஜானன் யோசித்தான். கொழும்புக்குச் சொல்லியிருந்தார்கள். பருத்தித்துறையில் பெண் கொடுத்த வீட்டுக்கு ஆள் போனது. பேப்பரிலும் வட்சப்பிலும் போட்டாயிற்று. தூரத்து ஒன்றுவிட்ட உறவு எல்லாவற்றுக்கும் முறைப்படி படலையில் ஆள் போய் நின்று சொல்லியிருந்தது. அடுத்த வளவுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. போகத் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். கோபக்காரர் என்றால் என்ன, உறவென்றால் என்ன, சொல்லாத செத்தவீட்டுக்கு ஆள் வராது. சொல்லாமல் விட்டால் வரவேண்டாம் என்றுதான் அர்த்தம்.

சுபாஸ்கரன் கமராவின் பின்பக்கத்தைக் காட்டி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். கிழவர் நின்றார். இருந்தார். நின்றார். இருந்தார்.

கஜானன் தர்ப்பை போட்ட விரலைப் பார்த்தான். "நான் இதாலை எழும்பேலாதே. ஐயர் கிரியையைத் தொடங்கிட்டார்."

"நான் போய்ச் சொல்லட்டே?"

"நீர் போய்ச் சொன்னா அவர் வருவாரே? வீட்டு ஆள் சொல்லவேணும்."

இந்தக் கதை தலைமாட்டில் இருந்த இரத்தினம்மாவின் காதில் விழுந்தது. கணவனின் முகத்தில் இலையான் விரட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "இஞ்சை கொண்டா பிள்ளை, அதை." கண்ணாடி இல்லாமல், கமராவை முகத்தோடு ஒட்டிப் பிடித்து நேரம் எடுத்துப் பார்த்தார்.

"வேட்டி கட்டிக்கொண்டெல்லோ இருக்குது," என்றார்.

அவர் எழுந்தபோது பெண்கள் பிடித்து இருத்தப் பார்த்தார்கள். அவர் கைகளை விலக்கிவிட்டு, வீட்டைச் சுற்றிப் பக்கத்து வேலிக்குப் போனார். கிளுவை மரங்களுக்குள்ளால் கூப்பிட்டார்.

"தியாகு."

கதிரை உரசும் சத்தம் கேட்டது.

"தியாகு, கொண்ணர் எங்களை விட்டிட்டுப் போட்டார். வா."

வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கிட்ட வந்து நின்றது. பிறகு, நேற்றுப் பின்னேரம் தொடங்கி ஒவ்வொரு ஒப்பாரியையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர், அப்போதுதான் கேள்விப்படுபவரைப் போலக் கேட்டார்.

"எப்ப மச்சாள்?"

"நேற்றுப் பின்னேரம்."

அதன் பிறகுதான் அவர் குழறினார்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. சுபாஸ்கரன் தன் இடத்துக்கு ஓடினான். மதிலோடு நின்று பார்த்தால் சனத்தின் முதுகுகள் மறைத்தன. முற்றத்துக்குள் வந்தால் லென்ஸுக்குத் தூரம் போதவில்லை. படம் தெளிய மறுத்தது. தன் ஃபோனை எடுத்தான். கடைக்காரரின் பாட்டைக் கேட்டே அது சார்ஜ் போய்ச் செத்திருந்தது. மீண்டும் கமராவைத் தூக்கிக் கிடைத்த இடைவெளியில் பொத்தானை அமத்தினான். தியாகலிங்கம் தமையனின் முகத்தில் குனிந்து என்னவோ சொன்னார். அது என்னவென்று ஒருவருக்கும் கேட்கவில்லை. பிரேதத்தைத் தூக்கினார்கள்.

அடுத்தநாள் வித்தியா லென்ஸைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "பாவிச்சதெண்டு வாயைத் திறக்காதேங்கோ." கடைப் பிள்ளை கேட்டபோது அவன் வாயைத் திறந்துவிட்டான். ஏன் பாவித்தீர்கள் என்று அவள் கேட்டாள். ஒரு செத்தவீடு என்றான். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் ஃபோனை வைத்தாள். வித்தியா அன்று முழுக்க அவனோடு அளந்துதான் கதைத்தாள்.

மதுராவுக்கு அனுப்ப அவனிடம் இருந்த வாய்க்கரிசிப் படத்தில் ஒரு கையும் விரலிடுக்கில் அரிசியும்தான் இருந்தன. மூலையில் ஒரு பெரிய காது, அதுவும் கலங்கல். மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பினான். நெடுநேரம் கழித்து அவள் அழைத்தாள்.

"அது சித்தப்பான்ரை கைதான், அண்ணை. எனக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அவர் கடைசி நேரத்திலைதான் வந்தவராம். எடுக்கிற நேரம் பாத்து வந்தவராம் எண்டு சனம் கதைக்குது. உண்மையே?"

சுபாஸ்கரன் கணினியில் அன்றைய முதல் படத்தைத் திறந்தான். மதிலோடு நின்று, லென்ஸைப் பழகிப் பார்க்கச் சும்மா தட்டியது. பந்தலுக்கு இன்னும் தறப்பாள் இழுத்து முடியவில்லை, கதிரைகள் அடுக்கினபடி கிடந்தன, ஐயரும் வரவில்லை. இடது ஓரத்தில், அடுத்த வளவு விறாந்தைக் கதிரையில், வெள்ளை வேட்டி.

"இல்லை தங்கச்சி," என்றான். "எல்லாருக்கும் முதல் வேட்டி கட்டி வெளிக்கிட்டவர் அவர்தான். படம் இருக்கு. அனுப்புறன்."